4 நாள், தனியாள், கொஞ்சக் காசு: மட்டக்களப்பிலிருந்து பாணமை வரை

#1 வாவிக்கரை
"காசு வரட்டும், பார்ப்பம்" என்று சொல்லிச் சொல்லியே பிறந்த மண்ணைப் பார்க்காமல் இருக்கிறவங்க நம்மிட பக்கம் கனபேர். அவங்களுக்காகத்தான் இந்த இழை.

கணக்கு இதுதான். வியாழன் போயா (பௌர்ணமி) லீவு, அதோட சேர்த்து 4 நாள். தனியாள், சொந்த வாகனம் இல்லை. கரையோரம் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில், பாணமை. யாருக்கும் பாரமாகாமல், பிடித்த இடத்தில் நின்று, பிடிக்காத இடத்தில் இருந்து கிளம்பி வரவேணும். ஹோட்டல் விளம்பரம் வேண்டாம். பஸ், சாப்பாடு, படுக்கை, திட்டம் எங்கே பிழைபோகும், ஏன் பிழைபோகும் என்று தெரிந்தவங்க எழுதுங்க.

#2 சிவப்புபஸ்
முதல் வேலை திரும்பி வாற காசை ஒதுக்குறது. பாணமையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் கட்டணம், அதோட ஒரு இரவு அறைக்காசு, இரண்டையும் இப்போதைய விலையில் கூட்டுங்க. அதை மடித்துப் பொலித்தீனில் சுற்றி அடையாள அட்டையோட வையுங்க. பயணக் காசு வேற, இது வேற. இது கையில் இருக்கிற வரைக்கும் யாரிட்டயும் கேளாமல் எந்த நேரமும் வீட்டுக்குத் திரும்பலாம். தனியப் போற ஆளுக்குச் சுதந்திரம் என்கிறது அந்த மடித்த நோட்டுத்தான். அதைச் செலவழித்த நிமிசத்திலிருந்து நீங்கள் மற்றவங்கட இரக்கத்தில் இருக்கிறீங்க.

இரண்டாவது, கடைசி பஸ். எந்த ஊரில் இறங்கினாலும் சாமானை இறக்கி வைக்க முதல் கேட்க வேண்டிய கேள்வி, "இங்க இருந்து திரும்பிப் போற கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" இதை இரண்டு பேரிட்டக் கேளுங்க: ஒன்று நேரக்கணிப்பாளரிட்ட, மற்றது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில். இரண்டும் ஒத்துவராவிட்டால் முந்தின நேரத்தை நம்புங்க. இணையத்தில் இருக்கிற நேர அட்டவணை பழையதாக இருக்கும்.

மட்டக்களப்பு–கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அதில் இ.போ.ச.வும் (அரசாங்க பஸ்) தனியாரும் மாறி மாறி ஓடுது, கவலையில்லை. கல்முனை–அக்கரைப்பற்றும் அப்படித்தான். அக்கரைப்பற்றுக்கு அங்காலதான் இடைவெளி கூடும். பொத்துவில்–பாணமைக்கு ஒரு நாளைக்குச் சில பஸ்தான். அதில் ஒன்றைத் தவறவிட்டால் காசு ஓட்டோவுக்குத்தான் போகும், நாள் கணக்கே குழம்பும். அதனால் நீளப் பயணத்தைக் காலையில் முடிச்சு, பின்னேரத்தைக் கிட்ட ஊர்களுக்கு வையுங்க.

சில்லறை: 20, 50, 100 நோட்டாக இருக்கட்டும். 5000 நோட்டை நீட்டினால் கொண்டக்டர் மிச்சக்காசை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தருவார். இறங்குற அவசரத்தில் அந்தத் துண்டை மறந்து காசை விட்டுட்டுப் போறவங்க அதிகம். டிக்கெட்டைச் சட்டைப்பையில் போடாமல் விரலுக்கு இடையில் மடித்து வையுங்க, இறங்க முதல் ஞாபகம் வரும். முன் ஆசனம் மதகுருமாருக்கு ஒதுக்கினது, அதில் இருக்க வேண்டாம்.

#3 ஏறாவூர்_கிழக்கு
வாடகை மோட்டார் சைக்கிள் எடுத்தால் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லையே?

#4 சிவப்புபஸ்
காசு இருந்தால் வசதி. ஆனால் ஒரு நாள் வாடகையும் பெற்றோலும் சேர்ந்தால் பஸ்ஸில் பல நாள் ஓடலாம். அதோட முன்பணமோ அடையாள அட்டையோ கடையில் நிற்கும். அட்டையை மட்டும் ஒரு நாளும் குடுக்க வேண்டாம், அதுவும் தனியப் போற ஆள். படப்பிரதி குடுங்க.

#5 கச்சான்காத்து
பஸ்ஸை விட மலிவான ஒன்று இருக்கு. சைக்கிள். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று ஏறத்தாழ 65 கிலோமீற்றர், அங்க இருந்து பொத்துவில் இன்னும் 43. ஏ4 பாதை முழுக்கத் தட்டை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலேயே இரண்டு நாளில் போகலாம்.

இடைஞ்சல் காத்து. ஆனி, ஆடி, ஆவணியில் மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் அடிக்கும். காய்ந்து சூடான காத்து, உதட்டை வெடிக்க வைக்கும். தெற்கே போறவங்களுக்கு அது முகத்திலும் பக்கவாட்டிலும் அடிக்கும், வடக்கே திரும்புறவங்களுக்கு முதுகில் தள்ளும். அதனால் போகும்போது விடிஞ்சதோட கிளம்பி 10 மணிக்குள்ள அன்றைய தூரத்தை முடியுங்க. திரும்பும்போது கொஞ்சம் பிந்தினாலும் பாதகமில்லை. விடிய முதல் கிளம்ப வேண்டாம். பொத்துவிலுக்கு முதல் வாற கோமாரிக்கு அங்கால காடு தொடுற இடங்களில் யானை கடக்கும், சைக்கிள் விளக்கு வெளிச்சத்தில் அது தெரியும்போது நேரம் போயிருக்கும்.

கொண்டு போக வேண்டியது: உங்கட சில்லு அளவுக்கு ஒரு மேலதிக டியூப், ஒட்டுத் துண்டு 6, சொலூஷன் ஒன்று, மணல்தாள், டயர் கழற்ற இரண்டு நெம்பு, கைப்பம்பு, சங்கிலி எண்ணெய் சின்னப் போத்தலில். சாமான் கட்ட கயிறு வேண்டாம். பழைய டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கீறி எடுங்க. அது இழுபட்டு இறுக்கும், குலுங்கலில் தளராது. கரியரில் பையைப் படுக்க வைத்து குறுக்கே இரண்டு, நெடுக்கே ஒன்று.

#6 ஏறாவூர்_கிழக்கு
காத்துப் போனால் கடையில் ஒட்டலாம்தானே, எல்லா ஊரிலயும் சைக்கிள் கடை இருக்கு?

#7 கச்சான்காத்து
ஊருக்குள்ள இருக்கு. ஊருக்கும் ஊருக்கும் நடுவில்தான் காத்துப் போகும். இந்தப் பக்கம் அநேகமாக முள்ளு. ஒட்டினது திரும்பத் திரும்ப இறங்குதென்றால் காரணம் ஒட்டு இல்லை, முள்ளின் முனை டயருக்குள்ளயே நிற்குது. டியூப்பை எடுத்த பிறகு டயரின் உள்பக்கத்தைச் சீலைத் துண்டால் சுற்றித் தடவுங்க, விரலால் வேண்டாம். சீலை எங்க கொழுவி இழுபடுதோ அங்க முள். வெளிப்பக்கத்தால் தள்ளி உள்பக்கத்தால் இழுங்க.

பிறகு டியூப்பை மினுமினுப்புப் போய் மங்கும் வரைக்கும் மணல்தாளால் உரசுங்க. சொலூஷனை மெல்லிசாக, ஒட்டுத் துண்டை விட ஒரு விரல் அகலம் கூடப் பூசி, தொட்டால் கையில் வராத அளவுக்கு 5 நிமிசம் காய விடுங்க. ஈரத்தோட ஒட்டுறதுதான் எல்லாரும் விடுற பிழை. வெயில் றோட்டில் டயர் சூடானதும் அது வழுக்கிக் கழரும். கரையோர உப்புக்காத்துக்கு சங்கிலியை ஒவ்வொரு பின்னேரமும் துடைத்து ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மேலால ஊத்தினால் மணலைப் பிடித்துச் சங்கிலியைத் தின்னும்.

நாலு நாள் இல்லாதவங்களுக்கு ஒரு நாள் சுற்று சொல்றன். மட்டக்களப்பு, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம். அங்க பாதையில் (ஆளையும் வாகனத்தையும் ஏற்றுற மிதவைப் படகு) சைக்கிளோட ஏறி வாவியைக் கடந்து அம்பிளாந்துறை. பிறகு கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, மண்முனைப் பாலத்தால் திரும்ப எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை). 2014இல் அந்தப் பாலம் திறக்க முதல் அங்கேயும் பாதைதான் ஓடினது. மேற்குக் கரையான படுவான்கரையின் வயலும் வாவியும் மாறி மாறி வாற அந்தப் பக்கத்துக்கு ஒரு சதம் நுழைவுச்சீட்டு இல்லை. மழைக்காலத்தில் காத்து எழும்பினால் பாதை ஓடாது. அம்பிளாந்துறைப் பக்கத்தில் அகப்பட்டால் பயப்பட வேண்டாம், கொக்கட்டிச்சோலையால் மண்முனைக்கு வந்து சேரலாம்.

#8 வாவிமகள்
இதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளையளுக்குச் சரி. பொம்பிளைப் பிள்ளைக்கு முதல் தடை காசு இல்லை, "வீட்டில் விட மாட்டாங்க" என்கிறதுதான். அதையும் இதே அளவு விவரமாகப் பேச வேணும்.

ஒரே அடியாக 4 நாள் கேட்டால் பதில் "இல்லை"தான். படியாகப் போகவேணும். முதல் கிழமை பாசிக்குடா, காலையில் போய்ப் பின்னேரம் திரும்புறது. வாழைச்சேனை அல்லது கல்குடா வரைக்கும் ரயிலும் இருக்கு, வாழைச்சேனை பஸ்ஸும் இருக்கு. சொன்ன நேரத்துக்கு முதல் வீட்டுக்கு வாங்க. இரண்டாம் முறை தூரத்தைக் கூட்டுங்க. மூன்றாம் முறைதான் ஒரு இரவு, அதுவும் வீட்டாரோட தொலைபேசியில் பேசக்கூடிய ஒரு குடும்பம் நடத்துற தங்குமிடத்தில். மூன்று முறை சொன்ன சொல் தவறாமல் வந்தால் நாலாம் முறை கேள்வி குறையும்.

போன் விசயத்தில் முதலே ஒப்பந்தம் செய்யுங்க: காலை 7, இரவு 7, ஒரு நாளைக்கு இரண்டு தரம். இடையில் எடுக்காவிட்டால் பயப்படக்கூடாது, இந்த இரண்டு நேரமும் தவறினால் மட்டும் தேடலாம். இப்படிப் பேசாமல் போனால் 20 நிமிசத்துக்கு ஒருக்கா அழைப்பு வரும், உடம்பு பொத்துவிலில் இருந்தாலும் மனம் வீட்டு வாசலில்தான் நிற்கும். அழைப்பு இல்லாத அந்தப் 12 மணித்தியாலமும் உங்கட சொந்த நேரம். அதுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

இரவு தங்குற ஊருக்குப் பின்னேரம் 4 மணிக்கு முதல் போய்ச் சேருங்க. அறை பிடிக்காவிட்டால் வேறு அறை பார்க்க வெளிச்சம் மிச்சம் இருக்கும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கா என்று காசு குடுக்க முதல் மூடிப் பாருங்க. ரப்பர் கதவுத் தடை ஒன்று பையில் இருக்கட்டும். ஓட்டோவில் ஏற முதல் இலக்கத்தகட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்க, அதைச் சாரதி பார்க்கிற மாதிரியே செய்யுங்க. பஸ்ஸில் தொல்லை வந்தால் சத்தமாக, கொண்டக்டரை "அண்ணன்" என்றோ "நானா" என்றோ கூப்பிட்டு இடம் மாற்றிக் கேளுங்க. மெல்லச் சொன்னால் யாருக்கும் கேளாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. மூன்றையும் போனில் மட்டும் இல்லாமல் கடதாசியிலும் எழுதி வையுங்க.

#9 நிந்தவூர்_நிலவன்
வாவிமகள் அக்கா எழுதினதை வீட்டில் தங்கச்சிக்குக் காட்டப் போறன்.

#10 அக்கரையூர்
சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதல்ல. காசு கரையிறது அங்கதான்.

மத்தியானச் சோத்துப் பார்சல் ஒன்று இரண்டு பேருக்குப் போதும். தனியாள் என்றால் பாதியை மத்தியானம் தின்று மிச்சத்தைப் பின்னேரத்துக்கு வைக்கலாம் என்று நினைப்பீங்க. வேண்டாம். இந்த வெக்கையில் தேங்காய்ப்பால் கறி 4 மணித்தியாலத்தில் புளிக்கும். வயிறு கெட்டால் பயணம் முடிஞ்சுது. "அரைப் பார்சல்" என்று கேளுங்க, சில கடைகளில் தருவாங்க. இரவுக்கு இடியப்பம், புட்டு, ரொட்டி எண்ணிக்கைக் கணக்கில் வாங்கலாம், சம்பலும் சொதியும் கூட வரும். காலைக்கு ஒரு வாய்ப்பன், தேத்தண்ணி. பையில் 250 கிராம் பேரீச்சம்பழமும் வறுத்த கடலையும் இருந்தால் பஸ் பிந்தினாலும் கடையைத் தேடி ஓடத் தேவையில்லை.

தயிர் சட்டியோட வாங்கினால் தனியாள் முடிக்க மாட்டார். கடையில் கோப்பைக் கணக்குக்கு விக்கிறாங்களா என்று கேளுங்க. எருமைத் தயிரில் கரண்டி நட்டால் நிற்கவேணும். தண்ணி பிரிஞ்சு கிடந்தால் அது பழசு அல்லது குலுங்கி வந்தது.

தண்ணி: கரையோரக் கிணறுகள் பலதில் உவர். குடிக்கிறதுக்கு ஆர்.ஓ. சுத்திகரிப்பு நிலையத்தில் போத்தலை நிரப்புங்க, போத்தல் தண்ணியை விடக் கனக்க மலிவு. 1 லீற்றர் போத்தல் இரண்டு கொண்டு போங்க, 2 லீற்றர் ஒன்று வேண்டாம். ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கும். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (கடையில் விக்கிற உப்புச் சீனிக் கரைசல் தூள்), அது இல்லாவிட்டால் 1 லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் சீனி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலைதட்டி. உப்பைக் கூட்டினால் ஆபத்து. அதனால் நாக்கில் வைத்துப் பாருங்க, கண்ணீரை விடக் கரிச்சால் ஊத்திப் போட்டுத் திரும்பக் கரையுங்க.

#11 வண்ணக்கர்வீதி
படுக்கைக்கு: கோயில் மடங்களை யாரும் சொல்லல்லயே. திருக்கோவில், மண்டூர், உகந்தை எல்லாம் பாதயாத்திரைக்காரர் நூற்றாண்டுக் கணக்காக நடந்த வழி. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கதிர்காமம் வரைக்கும் பை நிறையக் காசு இல்லாமல் சனம் போய் வந்தது மடத்தாலயும் அன்னதானத்தாலயும்தான். கட்டச் சாரம் ஒன்று, விரிக்க ஒரு சீலை, நுளம்பு வலை இருந்தால் போதும்.

#12 கோளாவில்_கண்ணன்
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மடம் நேர்த்திக்கு நடக்கிறவங்களுக்குக் கட்டினது. சுற்றிப் பார்க்கப் போறவங்க காசு மிச்சம் பிடிக்க அங்க படுத்தால் உண்மையான அடியாருக்கு இடம் இல்லாமல் போகும். அன்னதானத்தில் போய்க் குந்துறதும் அப்படித்தான்.

#13 வண்ணக்கர்வீதி
கோளாவில் தம்பி சொல்றதில் நியாயம் இருக்கு, ஒத்துக்கொள்றன். அதனால் முறையைச் சொல்றன். அன்னதானம் ஆர் என்று கேட்டுப் போடுறது இல்லை, பந்தியில் இருக்கிற எல்லாருக்கும்தான். ஆனால் தின்றுபோட்டு எழும்பிப் போறது முறையில்லை. இலை எடுக்க, தண்ணி ஊத்த, கிடாரம் கழுவ ஒரு மணித்தியாலம் நில்லுங்க. கையில் இருக்கிறதை உண்டியலில் போடுங்க. மடத்தில் படுக்க வண்ணக்கரிட்டயோ (கோயில் பொறுப்பாளர்) நிருவாகத்தாரிட்டயோ நேரில் கேட்டு, உங்கட பெயர், ஊர், அடையாள அட்டை சொல்லி அனுமதி எடுங்க. திருவிழா நாளிலும் யாத்திரைக் காலத்திலும் கேட்கவே வேண்டாம், அது அடியாருக்கு உரியது. மச்சம் (மீன், இறைச்சி), மது உள்ளே போகக்கூடாது. விடிய எழும்பிப் படுத்த இடத்தைக் கூட்டிப் போட்டுத்தான் கிளம்பவேணும்.

#14 கோளாவில்_கண்ணன்
அப்படியென்றால் சரி. இதை #11லயே எழுதியிருக்க வேணும் ஐயா.

#15 உகந்தைவழி
பாணமைக்கு அங்கால போக நினைக்கிறவங்களுக்கு. பொத்துவிலிலேயே காசு எடுத்துக்கொள்ளுங்க, பிறகு ஏ.டி.எம்.மை நம்ப வேண்டாம். பாணமையிலிருந்து உகந்தை ஏறத்தாழ 16 கிலோமீற்றர், காட்டு வழி. நடந்து போற வழி இல்லை, யானையும் கரடியும் இருக்கு. கூட்டாகச் சேர்ந்து வாகனம் பிடிச்சால் பங்குக் காசு தாங்கும். பாணமைச் சந்தியில் காலையில் நின்றால் உகந்தை முருகனுக்குப் போற குடும்பங்கள் அகப்படும்.

கடலைப் பற்றியும் சொல்லவேணும். பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்பையில் சித்திரைக்குப் பிறகு ஐப்பசி வரைக்கும் அலைக்காலம். நீந்தத் தெரியாத ஆள் பாறை முனைப் பக்கம் இறங்க வேண்டாம். அலைகளுக்கு நடுவில் ஒரு துண்டு மட்டும் நுரையில்லாமல் கறுப்பாக, அமைதியாகத் தெரிஞ்சால் அதுதான் இழுவை நீர். பார்க்கிறவங்க அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று நினைச்சு இறங்குறாங்க. இழுத்தால் கரையைப் பார்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியால வாங்க. களப்பு வாய்களில் முதலை இருக்கு, கால் கழுவவும் குந்த வேண்டாம். நீந்தப் பழகுறதுக்குப் பாசிக்குடாதான், கனதூரம் போனாலும் இடுப்பளவுத் தண்ணி. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் வாடை மழை, அப்போது இந்தத் திட்டம் முழுக்கவே வேண்டாம்.

#16 வாவிக்கரை
எல்லாருக்கும் நன்றி. எழுதினதை வைத்துத் திட்டம் இப்படி வருது.

வியாழன் விடிய மட்டக்களப்பு, கல்முனையில் பஸ் மாறி அக்கரைப்பற்று, பின்னேரம் 4க்கு முதல் திருக்கோவில், இரவு அங்க. வெள்ளி காலை பத்தரைக்குக் கிளம்பி மத்தியானம் பொத்துவிலில் சாப்பாடு, அறுகம்பையில் இரவு. சனி பாணமை, பங்கு வாகனம் அகப்பட்டால் உகந்தை, இல்லாவிட்டால் பாணமையோட நிறுத்தித் திரும்ப அறுகம்பை. ஞாயிறு பின்னேரம் அங்க இருந்து மட்டக்களப்பு. பை 6 கிலோவுக்குள்ள, உடுப்பு இரண்டு செட், எல்லாம் சீனி மூட்டையின் உள்பொலித்தீனுக்குள்ள.

#17 அக்கரையூர்
இந்தத் திட்டம் இரண்டு இடத்தில் பிழைபோகும். வெள்ளி மத்தியானம் பொத்துவிலில் ஜும்ஆத் தொழுகை. 12க்கும் ஒன்றரைக்கும் இடையில் கடைகள் பூட்டியிருக்கும், ஓட்டோவும் குறைவு. திருக்கோவிலிலேயே 10 மணிக்குப் பார்சல் கட்டிக்கொண்டு வாங்க, தேங்காய்ப்பால் கறி வேண்டாம், பருப்பும் சம்பலும் வறுத்த மீனும். இறங்கினதும் நிழலில் இருந்து சாப்பிடலாம்.

#18 சிவப்புபஸ்
மற்றது ஞாயிறு. போயாவோட சேர்ந்த நீண்ட லீவு முடியிற பின்னேரம், எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்புவாங்க. பொத்துவிலில் ஏறாமல் நடுவழியில் கைகாட்டினால் நிற்காது. பின்னேரத்தைக் காலையாக மாற்றி, பஸ் வெளிக்கிடுற இடத்துக்கே 7 மணிக்கு முதல் போங்க தம்பி. கல்முனைக்கு வந்த பிறகு எவ்வளவு நேரம் வேணும் என்றாலும் நிற்கலாம், அங்க இருந்து மட்டக்களப்புக்கு பஸ் கிடைச்சுக்கொண்டே இருக்கும்.